ட்ரீம்காஸ்டுக்கு நான் இரண்டு முறை கொடுத்த விலை

போன மாதம் அலுவலகத்தில் கூட வேலை பார்க்கும் தம்பி ஒருவர், ஜப்பானிலிருந்து பழைய ட்ரீம்காஸ்ட் கேம் கன்சோல் ஒன்றை ஆர்டர் செய்திருப்பதாக ஆசை ஆசையாகச் சொன்னார். “எத்தனை வோல்ட்டுன்னு பாத்தீங்களா?” என்று கேட்டேன். “பிளக் மாத்திக்கலாம்ணா, அதுக்குத்தான் அடாப்டர் இருக்கே” என்றார். எனக்குப் பகீரென்றது. இதே வார்த்தையை 2001-இல் என் தம்பியிடம் நான் சொல்லியிருக்கிறேன். அன்று மதியம் சாப்பாட்டு நேரம் முழுக்க அவரை உட்கார வைத்துச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். எனக்கு இதையெல்லாம் சொல்ல ஆள் இல்லை. தனியாகவே வாங்கி, தனியாகவே இழந்து, இருபது வருடம் கழித்து மறுபடியும் இழந்தேன்.

2000 பிறக்கும்போது கம்ப்யூட்டர்களில் தேதி குழம்பாமல் சரிசெய்யும் ஒய்டூகே வேலைக்காக 1998 கடைசியில் அமெரிக்கா போனவன் நான். நியூ ஜெர்சியில் எடிசன் பக்கம் ஒரு அபார்ட்மென்டில் நான்கு பேர் தங்கியிருந்தோம். வார நாட்கள் எப்படியோ ஓடிவிடும். சனி ஞாயிறுதான் கொடுமை. கார் இருப்பவர்கள் உறவுக்காரர் வீட்டுக்குப் போய்விடுவார்கள், நான் சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். அப்போதுதான் 9-9-99 என்ற தேதியைப் போட்டு எங்கே பார்த்தாலும், ட்ரீம்காஸ்டைச் செய்த சேகா கம்பெனி அதற்கு விளம்பரம் செய்துகொண்டிருந்தது. அந்த வியாழக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து நேராகக் கடைக்குப் போய் வரிசையில் நின்றேன். 199 டாலர், அதற்கு மேல் 6 சதவீதம் விற்பனை வரி. கூடவே சோல்காலிபர் என்ற சண்டை விளையாட்டு, 50 டாலர். அன்று ஒரே நாளில் அமெரிக்காவில் 2,25,000 ட்ரீம்காஸ்டுகளுக்கு மேல் விற்றன, வசூல் 9.8 கோடி டாலர் என்று பிறகு படித்தேன். அந்த 2,25,000-இல் ஒன்று என்னுடையது.

சோல்காலிபரை முதல் முறை போட்ட ராத்திரி இன்னும் நினைவில் இருக்கிறது. கேம் சென்டரில் காசு போட்டு ஆடும் மூல வடிவத்தைவிட வீட்டில் ஓடியது நன்றாக இருந்தது. அதுவரை அப்படி நடந்ததே இல்லை. வீட்டுக்கு வருவது எப்போதும் ஒரு படி குறைந்துதான் வரும். அறை நண்பர்கள் மூவரும் என் பின்னால் உட்கார்ந்து, வாள் வீசும்போது துணி அசைவதை வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். எந்திரத்தின் மேல் அன்று வந்த பாசம் இன்றுவரை போகவில்லை. நான் தப்பு செய்ததும் அந்தப் பாசத்தினால்தான்.

என்ன தப்பு என்று சொல்கிறேன். எந்திரம் நன்றாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். அதற்கு யார் விளையாட்டு செய்கிறார்கள், யார் செய்யவில்லை என்று பார்க்கவில்லை. அன்றைய அமெரிக்காவில் விளையாட்டுப் போட்டி கேம் என்றால் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ்தான். அந்த நிறுவனம் ட்ரீம்காஸ்டுக்கு ஒரு கேம்கூடச் செய்யவில்லை. சேகா தன் சொந்த ஸ்டுடியோவை வைத்து என்எஃப்எல் 2கே என்ற அமெரிக்கக் கால்பந்து கேமைச் செய்து அந்த ஓட்டையை அடைத்தது, அதுவும் அருமையான கேம்தான். ஆனாலும் பெரிய கம்பெனி ஒன்று ஒதுங்கி நிற்கிறது என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். சேகாவின் முந்தைய வரலாறும் எனக்குத் தெரியாது. 1994-இல் 32எக்ஸ் என்று ஒரு இணைப்புக் கருவியை விற்று, 1996-க்குள் கைவிட்டார்கள். 1995-இல் சாட்டர்ன் கன்சோலை முன்னறிவிப்பே இல்லாமல் அமெரிக்கக் கடைகளில் 399 டாலருக்கு இறக்கினார்கள். அந்த அறிவிப்பு வந்த அதே கேம் கண்காட்சியில் சோனி தன் பிளேஸ்டேஷன் 299 டாலர் என்று அறிவித்தது. இப்படி இரண்டு முறை சூடுபட்ட கடைக்காரர்களும் கேம் செய்பவர்களும் மூன்றாவது முறை தயங்குவது இயல்பு. புதுக் கன்சோல் வாங்க நினைப்பவர்கள் முதலில் இதைத்தான் விசாரிக்க வேண்டும்: கம்பெனி இதற்கு முன்னால் விற்றதை எத்தனை வருடம் காப்பாற்றியது? நீங்கள் ஆட விரும்பும் கேமைச் செய்பவர்கள் இதற்கும் செய்வதாகச் சொல்லியிருக்கிறார்களா? இந்த இரண்டையும் ஒரு மணி நேரத்தில் விசாரித்துவிடலாம். எனக்கு அந்த ஒரு மணி நேரம் தோன்றவில்லை.

இன்னொன்றும் கண்முன்னால்தான் இருந்தது. பிளேஸ்டேஷன் 2 வரப்போகிறது என்று 1999 மார்ச்சிலேயே சோனி அறிவித்துவிட்டது. டிவிடி படம் போடும், பழைய பிளேஸ்டேஷன் டிஸ்குகளும் ஓடும் என்றார்கள். ட்ரீம்காஸ்டில் டிவிடி கிடையாது. 1 ஜிபி கொள்ளும் ஜிடி-ராம் என்ற தனி வகை டிஸ்க். என் அறை நண்பர் ஒருவர், “கொஞ்சம் பொறுத்தா படமும் பாக்கலாம், கேமும் ஆடலாமே” என்றார். நான் காது கொடுக்கவில்லை.

காசு போன வழியைச் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது கன்ட்ரோலர் 30 டாலர். விஎம்யூ என்ற நினைவு அட்டை இரண்டு, தலா 25. குட்டித் திரையும் பொத்தான்களும் வைத்த அழகான சாமான் அது. கன்ட்ரோலருக்குள் செருகலாம், கழற்றித் தனியாகவும் ஆடலாம். கீபோர்டு 25. முழு விலையில் ஒன்பது கேம், தள்ளுபடியில் மூன்று. 2000 செப்டம்பரில் சேகாநெட் என்ற இணைய இணைப்பைத் தொடங்கினார்கள், மாதம் 21.95 டாலர். கன்சோலுக்குள்ளேயே மோடம் இருந்ததால் தொலைபேசி வயரைச் செருகினால் போதும், முன்பின் தெரியாதவர்களோடு குவேக் 3 என்ற துப்பாக்கிச் சண்டை கேம் ஆடலாம். நான்கு மாதம் கட்டினேன். எல்லாம் சேர்த்து 900 டாலருக்குக் குறையாது. அன்றைய கணக்கில் 40,000 ரூபாய். ஊரில் அப்பாவின் ஐந்து மாதப் பென்ஷன்.

பணத்தைவிட இன்னொன்று எனக்கு உறுத்தும். டயல்-அப் என்பதால் ஆடும் நேரம் முழுக்க வீட்டு லைன் பிஸியாக இருக்கும். நடுவில் யாராவது கூப்பிட்டால் இணைப்பு அறுந்துவிடும் என்பதால், எண்ணுக்கு முன்னால் நட்சத்திரமும் 70-உம் சேர்த்து டயல் செய்ய வைத்து, கால் வெயிட்டிங்கையும் நிறுத்தி வைத்திருந்தேன். அம்மா எஸ்டிடி பூத்தில் போய் நின்று கூப்பிடுவாள், கிடைக்காது. ஒரு ஞாயிறு நானாகக் கூப்பிட்டபோது, “மூணு வாரமா ட்ரை பண்றேன்ப்பா, லைனே கிடைக்கல. நல்லாருக்கேல்ல?” என்றாள். வேலை அதிகம் என்று பொய் சொன்னேன்.

பிளேஸ்டேஷன் 2 அமெரிக்காவில் 2000 அக்டோபர் 26 அன்று 299 டாலருக்கு வந்தது. சரக்குப் பற்றாக்குறையால் கடைகளில் கிடைக்கவே இல்லை. அந்த இடைவெளியில் ட்ரீம்காஸ்ட் முந்திவிடும் என்று நான் நம்பினேன். விலையையும் 149 டாலராகக் குறைத்திருந்தார்கள். ஆனால் மக்கள் காத்திருந்தார்கள். அந்த வருடக் கடைசிக்குள் அமெரிக்காவில் 50 லட்சம் விற்றால்தான் தாக்குப்பிடிக்க முடியும் என்று அமெரிக்க சேகாவின் தலைவர் பீட்டர் மூர் சொல்லியிருந்தார். விற்றது சுமார் 30 லட்சம். இது பத்திரிகைகளில் வந்த செய்தி. நான் அதைப் படித்துவிட்டும் கிறிஸ்துமஸ் வாரம் முழு விலை கொடுத்து நான்கு கேம் வாங்கினேன். அதில் ஒன்று ஷென்மூ. விலை சரசரவென்று இறங்கினால் சந்தோஷப்படாமல் சந்தேகப்பட வேண்டும் என்று அப்புறம்தான் புரிந்தது. ஒரு வருடத்தில் 199 கன்சோல் 149 ஆனால், யாரோ நஷ்டத்தைத் தாங்கிக்கொண்டு விற்கிறார்கள்.

2001 ஜனவரி 31, புதன்கிழமை. அலுவலகத்தில் இருக்கும்போது செய்தி வந்தது: மார்ச் 31-க்குப் பிறகு ட்ரீம்காஸ்ட் தயாரிப்பு கிடையாது, சேகா இனி மற்ற கம்பெனிகளின் கன்சோல்களுக்குக் கேம் மட்டும் செய்யும். எழுந்து போய்க் கழிவறையில் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். ஒரு எந்திரத்துக்காக இப்படி ஆவேன் என்று நான் நினைத்ததில்லை. சில நாளில் விலை 99 டாலர் ஆனது, அந்த வருடமே 50 டாலருக்கும் கீழே போனது. கிறிஸ்துமஸுக்கு நான் 50 டாலர் கொடுத்த கேம்கள் 15 டாலர் கூடையில் கிடந்தன. உலகம் முழுக்க மொத்தம் விற்றது 91 லட்சத்துச் சொச்சம். திருட்டு சிடிதான் அதைக் கொன்றது என்று இன்றும் பலர் சொல்கிறார்கள். 2000 கோடையிலேயே சாதாரண சிடியில் நகலெடுத்து ஆடும் வழி வந்துவிட்டது உண்மைதான், எங்கள் அபார்ட்மென்டிலேயே ஒருவர் அடுக்கி வைத்திருந்தார். ஆனால் அதற்கு முன்பே சேகா கடனில் மூழ்கியிருந்தது. அதன் தலைவர் இசாவோ ஒகாவா தனக்கு வர வேண்டிய கடனையும் தன் பங்குகளையும் கம்பெனிக்கே விட்டுக்கொடுத்தார், சுமார் 69.5 கோடி டாலர் மதிப்பு. அந்த மார்ச்சிலேயே அவர் இறந்தும் போனார். அந்தப் பணம் இல்லையென்றால் சேகாவே இருந்திருக்காது என்கிறார்கள். எனக்கு அவரை நினைத்தால் இப்போதும் மனசு கனக்கும்.

ஷென்மூவின் கதை பாதியில் நிற்கும். நாயகன் ஹாங்காங்குக்குக் கப்பல் ஏறுவதோடு முதல் பாகம் முடிகிறது. இரண்டாம் பாகம் ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் ட்ரீம்காஸ்டுக்கு வந்தது. அமெரிக்காவில் வரவில்லை, அங்கே 2002-இல் எக்ஸ்பாக்ஸுக்குத்தான் கிடைத்தது. தொடர்கதையாக வரும் கேமை, கன்சோல் தள்ளாடும் நேரத்தில் வாங்காதீர்கள்.

மே மாதம் என் வேலை போனது. இணையக் கம்பெனிகள் கவிழ்ந்த டாட்காம் சரிவில் எங்கள் பகுதியில் வீட்டுக்கு ஒருவராவது ஊர் திரும்பிக்கொண்டிருந்த காலம் அது. பழைய கேம் வாங்கும் கடை ஒன்றுக்கு எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போனேன். கன்சோல், பன்னிரண்டு கேம், மற்றதெல்லாம் சேர்த்து 35 டாலர் தருவதாகச் சொன்னார்கள். கொடுக்க மனம் வரவில்லை. இரண்டு புடவைக்கு நடுவில் சுற்றி சூட்கேஸில் வைத்துச் சென்னைக்குக் கொண்டுவந்தேன்.

சென்னையில் இறங்கிய மூன்றாம் நாள். தம்பி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். “பிளக் மட்டும்தான்டா வேற மாதிரி, அடாப்டர் போட்டா போதும்” என்று சொல்லிச் சுவிட்சைப் போட்டேன். டப்பென்று ஒரு சத்தம், மீன் கருகினாற்போல் ஒரு நாற்றம், மேல் மூடியின் காற்றுத் துளைகளிலிருந்து மெல்லிய வெள்ளைப் புகை. டிவியில் ஒரு கோடுகூட வரவில்லை. என் லேப்டாப் சார்ஜரில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று போட்டிருந்ததால் எல்லாமே அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டேன். கன்சோலைத் திருப்பிப் பார்த்தால் அடியில் சின்ன எழுத்தில் இருக்கிறது: ஏசி 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். அமெரிக்க மின்சாரத்துக்கென்று செய்த பவர் சப்ளை. அதன் உள்ளே மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பெரிய கெப்பாசிட்டர் 200 வோல்ட் வரைதான் தாங்கும். நம்மூர் 230 வோல்ட் டிசியாக மாறும்போது 325 வோல்ட்டுக்குப் போகும். வெடிக்காமல் என்ன செய்யும்? வெளிநாட்டிலிருந்து எது வந்தாலும், சொந்தக்காரர் கொண்டுவந்த மிக்ஸியாக இருந்தாலும், கவிழ்த்து அடியில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு அப்புறம் சுவிட்சைத் தொடுங்கள்.

ரிச்சி தெருவில் ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்தேன். பத்து நாள் வைத்திருந்து ஃபியூஸை மாற்றி 450 ரூபாய் வாங்கினார், கெப்பாசிட்டரைத் தொடவில்லை. போர்டு போய்விட்டது, தூக்கிப் போடுங்கள் என்றார். தூக்கிப் போடாமல் பரணில் வைத்தேன். இருபது வருடம் அங்கேயே இருந்தது.

2021 ஊரடங்கில் மகள்தான் பரணிலிருந்து இறக்கினாள். “இது என்னப்பா, வெள்ளையா ரைஸ் குக்கர் மாதிரி?” என்றாள். சொல்லச் சொல்ல எனக்கே மறுபடி ஆசை வந்துவிட்டது. பழையதுதான் செத்துவிட்டதே, வேறொன்று வாங்குவோம் என்று இணையத்தில் தேடி, “நன்றாக ஓடுகிறது” என்று போட்டிருந்த ஒரு ஜப்பான் ட்ரீம்காஸ்டை வாங்கினேன். பொருளும் பார்சலும் 8,500 ரூபாய், சுங்கவரி 3,600. இந்த முறை உஷாராக, 100 வோல்ட்டுக்கு இறக்கித் தரும் டிரான்ஸ்ஃபார்மரை 1,900 கொடுத்து முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தேன். எந்திரத்தில் விளக்கு எரிந்தது, சுழல் சின்னம் திரையில் வந்தது, மகள் கைதட்டினாள். சோல்காலிபரைப் போட்டால் ஓடவில்லை. ஷென்மூவும் ஓடவில்லை. ஜப்பான் எந்திரம் அமெரிக்க டிஸ்கை ஏற்காது. ட்ரீம்காஸ்டில் வட்டாரப் பூட்டு உண்டு. ஜப்பான் டிஸ்க் ஒன்றை வரவழைத்துப் போட்டேன், 1,200 ரூபாய். அதையும் பாதி நேரம் படிக்கவில்லை, லென்ஸ் தேய்ந்திருந்தது. விற்றவரிடம் கேட்டதற்கு, மின்சாரம் போட்டுப் பார்த்தேன், எரிந்தது, அதைத்தான் ஓடுகிறது என்று எழுதினேன் என்று பதில் வந்தது. ஆக, மொத்தம் 15,000 ரூபாயைத் தாண்டியது.

பழைய கன்சோல் வாங்குபவர்கள் விற்பவரிடம் எரிகிறதா என்று கேட்காதீர்கள். டிஸ்க் போட்டு, அரை மணி நேரம் ஆடிய வீடியோ ஒன்றைக் கேளுங்கள். அரை மணி நேரம் ஏன் என்றால், சூடேறிய பிறகுதான் ட்ரீம்காஸ்டின் நோய்கள் தெரியும். நடு ஆட்டத்தில் தானாக ரீசெட் ஆகிறதா என்று பாருங்கள். நான்கு கன்ட்ரோலர் துளைகளும் வேலை செய்கின்றனவா என்று கேளுங்கள். எந்திரம் ஓடும்போதே கன்ட்ரோலரைச் செருகிப் பிடுங்கினால் அந்தத் துளைகள் இருக்கும் போர்டில் ஒரு சின்ன ஃபியூஸ் போய்விடும், அப்புறம் நான்குமே செத்ததுபோல் இருக்கும். உங்களிடம் இருக்கும் டிஸ்க் எந்த நாட்டுடையதோ அந்த நாட்டு எந்திரத்தையே தேடுங்கள்.

வெறுத்துப்போய் ஒரு ராத்திரி, என் பழைய அமெரிக்க எந்திரத்தையே கழற்றிப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். அடியில் மூன்று திருகு கண்ணுக்குத் தெரியும். நாலாவது தெரியாது; பக்கவாட்டில் இருக்கும் மோடத்தை இழுத்தெடுத்தால் அதற்கடியில் ஒளிந்திருக்கும். அதைத் தெரியாமல் மேல் மூடியை நெம்பி உடைத்தவர்கள் நிறையப் பேர். மூடியைத் திறந்தால் இடது பக்கம் பவர் சப்ளை தனிப் பலகையாக இருக்கிறது. உப்பி, தலை பிளந்த கெப்பாசிட்டர், சுற்றிலும் பழுப்புக் கறை. மற்ற எல்லாம் அன்று கடையில் வாங்கியதுபோல் சுத்தம். பவர் சப்ளை வெறும் பின்களில்தான் உட்கார்ந்திருக்கிறது, வயர்கூட இல்லை. மேலே தூக்கினால் வந்துவிடும். ஜப்பான் எந்திரத்திலிருந்து நல்ல பவர் சப்ளையைத் தூக்கி இதில் பொருத்தி, டிரான்ஸ்ஃபார்மர் வழியாகச் சுவிட்சைப் போட்டேன். எரிந்தது. இருபது வருடம் செத்ததென்று நான் நினைத்த எந்திரத்தில் அந்த ஒரு பலகையைத் தவிர எதுவுமே கெடவில்லை. தரையில் உட்கார்ந்து அழுதேன், மகள் பயந்துவிட்டாள்.

இப்போது அந்த இடத்தில் 12 வோல்ட் அடாப்டரில் ஓடும் புதிய பலகை ஒன்றைப் போட்டிருக்கிறேன், 2,600 ரூபாய். சாதாரண 12 வோல்ட் 3 ஆம்பியர் அடாப்டர் போதும், நம்மூர் மின்சாரத்துக்குப் பயமே இல்லை. முதலிலேயே இதை வாங்கியிருந்தால் அந்த 15,000 மிச்சம். ஆனால் பழைய பவர் சப்ளையைத் தொடுவதற்கு முன்னால், பிளக்கைப் பிடுங்கிச் சில மணி நேரமாவது சும்மா விடுங்கள். கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கும், ஷாக் அடித்தால் விளையாட்டில்லை. பின்களை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்துத் துடையுங்கள். தானாக ரீசெட் ஆகும் நோய்க்கு முக்கால்வாசி மருந்து அதுதான். டிவிக்கு விஜிஏ என்ற, கம்ப்யூட்டர் மானிட்டர் வகை இணைப்பு கிடைத்தால் அதையே வாங்குங்கள், பெரும்பாலான கேம்கள் கண்ணாடிபோல் தெரியும். இன்னும் சேகாநெட் காலத்து ஆசை இருக்கிறவர்களுக்கு, ராஸ்பெரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டரைத் தொலைபேசி லைன்போல் நடிக்க வைக்கும் ட்ரீம்பை என்ற ஏற்பாட்டை ரசிகர்களே செய்து வைத்திருக்கிறார்கள். நான் இன்னும் அதைச் செய்து பார்க்கவில்லை.

கடிகாரத்துக்கான பேட்டரி மட்டும் பாக்கி இருந்தது. அது போர்டில் பற்றவைத்த சார்ஜ் ஏறும் பேட்டரி, இருபது வருடத்தில் செத்துவிட்டது. அதனால் ஒவ்வொரு முறை போடும்போதும் தேதி கேட்கும். திரையில் 1998 நவம்பர் 27 என்று நிற்கும், ட்ரீம்காஸ்ட் ஜப்பானில் விற்பனைக்கு வந்த நாள். போன வாரம்தான் அதை எடுத்துவிட்டுப் புதியதைக் கழற்றி மாட்டும்படி ஒரு கூடு வைத்துப் பற்றவைத்தேன். தேதியைச் சரிசெய்துவிட்டு, பழைய விஎம்யூவைச் செருகினேன். பேட்டரி இல்லாததால் பீப்பென்று கத்தியது. ஆனால் சேமித்தவை பேட்டரியில் இல்லை, அழியாத நினைவகத்தில்தான் இருக்கும் என்பதால் பட்டியல் அப்படியே வந்தது. ஷென்மூ, 2000 டிசம்பர், ராத்திரி 2 மணி 14 நிமிடம். மகள் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “அப்பா, இதுல நான் ஆடினா உன்னோடது அழிஞ்சிடுமா?” என்று கேட்டாள். இன்னொரு விஎம்யூவை எடுத்து அவளுக்குக் கொடுத்தேன். சிஆர்2032 பேட்டரி இரண்டு வாங்க இப்போது கடைக்குப் போயிருக்கிறாள்.